தைராய்டு கேன்சர்: அயோடின் ஸ்கேனுக்கும் பெட் ஸ்கேனுக்கும் தயாராவது எப்படி

அக்காவுக்கு அயோடின் ஸ்கேன் நாள் குறித்ததும் முதலில் திண்டாடியது எங்கள் சமையலறைதான். கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் வீடு, மீனோ கருவாடோ இல்லாமல் சோறு இறங்காது. தைராய்டு செல்லின் வேலையே இரத்தத்திலிருந்து அயோடினை உறிஞ்சுவது, கேன்சரான பிறகும் பல பேருக்கு அந்தப் பழக்கம் மிச்சமிருக்கும், அதை வைத்துத்தான் கதிர்வீசும் அயோடின்-131ஐக் கொடுத்து அந்தச் செல்களை ஸ்கேனில் பார்க்கிறார்கள், அழிக்கிறார்கள். சாப்பாட்டு அயோடின் முந்திக்கொண்டால் மருந்துக்கு இடமில்லை. அதனால் டாக்டர் சொல்லும் ஒன்றிரண்டு வாரம் கடல் மீன், இறால், கருவாடு, பால், தயிர், முட்டை மஞ்சள் கரு எதுவும் வேண்டாம். உப்பில்தான் ஏமாறுவோம். கல் உப்புதானே என்று நாலு நாள் போட்டுவிட்டோம், அப்புறம் பாக்கெட்டைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'அயோடின் கலந்தது'! சமீபத்தில் சாய ஊசி போட்டு சிடி எடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள், அதிலும் அயோடின் உண்டு.

சிலருக்குக் கேன்சர் செல் அயோடினை வாங்குவதையே விட்டுவிட்டு, சர்க்கரையை அள்ளி விழுங்க ஆரம்பிக்கும். ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையை முழுசாக எரிக்காமல் லாக்டேட்டாக்கித் தள்ளுகிற இந்தக் கோணல் புத்தியை 1920களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்துவிட்டார். இரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல் சுரக்கும் புரதம்) ஏறுகிறது, அயோடின் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கதிர்வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் எழுதுவது இதனால்தான்.

அதற்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். முந்தின நாள் சில்வர் பீச்சில் வேக நடை வேண்டாம். சுகர் மாத்திரை, இன்சுலின் எப்போது என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் வாயே திறக்காதீர்கள், பேசினால் குரல்நாண் தசை அந்தச் சர்க்கரையை இழுத்து ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், நாம் பார்க்க வந்ததே கழுத்தைத்தானே. அக்காவுக்கு அந்த மௌனம்தான் பெரிய தண்டனை.

சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் பட்டினியில் சாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கல்லீரலே குளுக்கோஸ் தயாரித்துவிடும். உருப்படியான வழி வேறு: செல்லுக்கு அயோடின் பசியைத் திருப்பிக் கொண்டுவருவது. 2013இல் வெளிவந்த, செலுமெடினிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 20 பேரில் 12 பேருக்கு உறிஞ்சல் கூடியது, 8 பேருக்கு அயோடின் சிகிச்சை தரும் அளவுக்கே வந்தது. சின்ன ஆய்வுதான். எந்த மருந்து என்பது கட்டியின் மரபணு மாற்றத்தைப் பொறுத்தது, அதனால் அயோடின் பலிக்காமல் போனவர்கள் அடுத்த தடவை ஓ.பி.யில் இதைக் கேளுங்கள்: "கட்டித் திசுவில் பிராஃப், ராஸ் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தாச்சா டாக்டர்?"