தாண்டுவதற்கு முன் ஒரு குரல் கொடுங்கள்: தோட்டத்துப் பாதையில் சைக்கிள் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பாருங்கள். கேரித் தீவுக்குப் போகும் பாலத்தில் சைக்கிள்கள் வரிசையாக ஏறும். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே மேடு பள்ளம் இல்லாத சாலை, வண்டிகளும் குறைவு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால் நமக்கு அது உடற்பயிற்சிப் பாதை என்றால், அங்கே குடியிருப்பவர்களுக்கு அதுதான் வீட்டு வாசல். கோயிலுக்கும் கடைக்கும் வேலைக்கும் அவர்கள் அதில்தான் நடந்து போகிறார்கள்.

நான் பழக ஆரம்பித்த புதிதில், பூக்கூடையோடு தோட்டத்துக் கோயிலுக்கு நடந்து போன ஒரு பாட்டியைச் சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து தாண்டினேன். என் கைப்பிடி அவர் புடவைத் தலைப்பை உரசிவிட்டது. அவர் விழவில்லை. ஆனால் நெஞ்சில் கை வைத்தபடி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். பூவைப் பொறுக்கிக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. அன்றிலிருந்து ஒருவரைத் தாண்டும் முறையைப் படிப்படியாகப் பழகிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: திடலில் பழகுங்கள்

சைக்கிளில் பெல் இருக்கிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு திடலுக்குப் போங்கள். தாண்டுவதற்கு முன் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாக வேண்டும். புதியவர்கள் தலையைத் திருப்பினால் கையும் கூடவே திரும்பி, சைக்கிள் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கார் வரும் சாலையில் அது ஆபத்து.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. நண்பரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் நேராக ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். முழங்கையைத் தளர்வாக வைத்து, தாடையைத் தோளுக்குக் கொண்டுபோங்கள். கோடு பிசகாமல் பத்து முறை சொல்ல முடிந்தால் சரி, சாலைக்குப் போகலாம்.

படி 2: தூரத்திலேயே தெரியப்படுத்துங்கள்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலானவர்கள் பெல் அடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆளை நெருங்கிய பிறகு அடிக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். முன்னால் நடப்பவர் வேகம் 5 கிலோமீட்டர். 20 மீட்டர் தூரத்தில் பெல் அடித்தால், நீங்கள் அவரை எட்டுவதற்குள் அவருக்கு ஏறக்குறைய ஐந்து விநாடி கிடைக்கும். திரும்பிப் பார்த்து, யோசித்து, ஒதுங்க அது போதும். 5 மீட்டரில் அடித்தால் ஒரு விநாடிதான். ஒரு விநாடியில் மனிதருக்குத் தூக்கிவாரித்தான் போடும்.

அதனால் 20 மீட்டரில் ஒரு முறை, மெதுவாக. அப்புறம் மிதிப்பதை நிறுத்திவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சிலர் இடப்பக்கம் ஒதுங்குவார்கள், சிலர் வலப்பக்கம் ஒரு எட்டு வைப்பார்கள். கூட்டமாக நடப்பவர்கள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரிவார்கள். சிறு பிள்ளை பிரிந்துபோனால் அம்மாவிடம் குறுக்கே ஓடி வரும் என்று எதிர்பாருங்கள். எல்லாரும் ஒரு நிலைக்கு வரும்வரை நடை வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். திரும்பியே பார்க்கவில்லை என்றால் காது கேட்காதவராக இருக்கலாம், காதில் பாட்டு மாட்டியிருக்கலாம். அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. இன்னும் வேகத்தைக் குறைத்து, நல்ல இடைவெளி விட்டுப் போங்கள்.

படி 3: வாயைத் திறந்து சொல்லுங்கள்

பெல்லைவிடக் குரல் நல்லது என்பது என் கருத்து. “பாட்டி, பின்னால சைக்கிள் வருது” என்றால் போதும். “வலது, வலது” என்று கத்தாதீர்கள். கேட்பவர் அந்தப் பக்கமே நகர்ந்துவிடுவார். மலாய்க்காரப் பெரியவர்களிடம் “தும்பாங் லாலு, பாக்சிக்” என்று சொல்லுங்கள், பெண்களாக இருந்தால் “பாக்சிக்”குக்குப் பதில் “மக்சிக்”. இந்த வழியாகப் போய்க்கொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்கும் சொல் அது. நம் ஊரில் எந்த இனத்தவருக்கும் புரியும். தாண்டியதும் ஒரு “தெரிமா காசி”, தமிழர் என்றால் ஒரு “நன்றிங்க”.

படி 4: வலப்பக்கமாக, ஒரு மீட்டர் விட்டு

மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், வலப்பக்கமாகத் தாண்டுகிறோம். பின்னாலும் எதிரிலும் வண்டி இல்லை என்று பார்த்த பிறகே விலகுங்கள். ஆஸ்திரேலியாவில் கார் ஒரு சைக்கிளைத் தாண்டும்போது 60 கிலோமீட்டர் வேகம் வரை ஒரு மீட்டரும், அதற்கு மேல் ஒன்றரை மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. காரிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த ஒரு மீட்டரை நடப்பவருக்கு நாமும் கொடுப்போம். இடம் இல்லையா? காத்திருங்கள். தாண்டிய உடனே அவர் முன்னால் வெட்டி நுழையாதீர்கள். நாலைந்து மீட்டர் போன பிறகு இடப்பக்கம் திரும்புங்கள்.

படி 5: தோட்டத்து வண்டிகளிடம் பொறுமை

செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் அரிவாள் கட்டிய நீண்ட கம்பை மோட்டார் சைக்கிளிலோ சைக்கிளிலோ கட்டிக்கொண்டு போவார். கம்பு பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். அவர் ஒரு பக்கம் திரும்பினால் கம்பின் வால் மறுபக்கம் வீசும். அவர் எந்த மர வரிசையில் இறங்கப்போகிறார் என்பது நமக்குத் தெரியாது. அவர் உங்களைப் பார்த்துக் கையசைத்த பிறகு மட்டும் தாண்டுங்கள்.

குலை ஏற்றிய லோரியையும் டிராக்டரையும் இடப்பக்கமாகத் தாண்டவே கூடாது. அந்தப் பக்கம் ஓட்டுநர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும். மேலிருந்து குலை விழுந்தால் அதன் முள்ளும் எடையும் சாதாரணமல்ல. சாலையில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களும் சக்கரத்தை வழுக்கிவிடும்.

மழைக்குப் பிறகு செம்மண் பாதையில் ஆட்கள் அருகே மெதுவாகப் போங்கள். வேலைக்குப் போகிறவரின் உடையில் சேறு தெறித்தால் அவர் நாள் முழுவதும் அதோடுதான் இருக்க வேண்டும்.

படி 6: இருட்டில்

1982-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் காலை ஆறரை மணிக்கும் இங்கே இருட்டுதான். பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் தோட்டத்து ஆட்கள் அந்த நேரத்தில்தான் நடப்பார்கள். முன்விளக்கைத் தரையை நோக்கிச் சாய்த்து வையுங்கள், எதிரில் வருபவர் கண் கூசக் கூடாது. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

படி 7: உங்களை ஒருவர் தாண்டும்போது

வேகமாக ஓட்டுகிறவர்கள் உங்களையும் தாண்டுவார்கள். பின்னால் பெல் கேட்டால் பதறி ஓரத்து மண்ணில் இறங்க வேண்டாம். நேராக, அதே வேகத்தில் போங்கள். கேட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு கையை லேசாக உயர்த்துங்கள். அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்தொடர ஆசை வரும், வேண்டாம். உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் சேர்ந்திருக்கும் நேரத்தில் அவர் கொஞ்சம் விலகினாலும் விழப்போவது நீங்கள்தான். இரண்டு சைக்கிள் நீளம் விட்டுக்கொள்ளுங்கள்.