கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சும் பயம் போகலையா? நான் பண்ணுனது இதுதான்

கடைசி ரேடியேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், அக்கா மோஹிங்கா (மீன் கொழம்பு ஊத்துன நூடுல்ஸ்) வாங்கிட்டு வந்தா, நான் பாத்ரூம் கதவ சாத்திட்டு அழுதுட்டு இருந்தேன். மார்பக கேன்சர் எனக்கு. மாசக்கணக்கா டாக்டரும் நர்ஸும் பாத்துக்கிட்டாங்க, திடீர்னு "மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க, இனிமே யாரு பாப்பாங்கன்னு நெஞ்சு பதறுது. இது நெறைய பேருக்கு வர்றதுதான், ஆனா யாங்கோன்ல நம்ம சனங்க நோய் பேரையே வாய்விட்டு சொல்றதில்ல, அப்புறம் பயத்த எங்க சொல்றது.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. தேதி, எங்க வலிக்குது, எத்தன நாளா, அன்னிக்கு என்ன வேல செஞ்சீங்க, இவ்வளவுதான் எழுதணும். கடைசி விஷயத்த விட்றாதீங்க. ஒரு தடவ தோள்பட்ட வலி வந்து எலும்புக்கு பரவிருச்சுன்னே முடிவு பண்ணி ராத்திரி பூரா முழிச்சு கெடந்தேன், காலைல நோட்ட எடுத்து எழுதும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, முந்தின நாள் கரன்ட் இல்லாம மோட்டார் ஓடல, நாலாவது மாடிக்கு ரெண்டு வாளி தண்ணி தூக்கிருக்கேன். மூணு நாள்ல வலி போயிருச்சு. ரெண்டு வாரம் தாண்டியும் போகல, இல்ல கூடிட்டே வருதுன்னா அடுத்த செக்கப் வரைக்கும் உக்காந்திருக்காதீங்க. புதுசா கட்டி தட்டுப்பட்டா நாள் எண்ணவே வேணாம், சீக்கிரமா காட்டிருங்க. மூச்சு வாங்குது, கால்ல பலம் இல்லன்னா அன்னிக்கே போகணும்.

அடுத்தது, பயத்துக்கு ஒரு நேரம் ஒதுக்குங்க. எனக்கு சாயங்காலம் ஆறு மணி, பதினஞ்சு நிமிஷம். மத்த நேரத்துல வந்தா "ஆறு மணிக்கு பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு கையில இருக்குற வேலைய பாருங்க. ஆறு மணிக்கு உக்காந்து எல்லாத்தையும் எழுதுங்க, டாக்டர்கிட்ட கேக்க முடிஞ்சத நோட்டோட கடைசி பக்கத்துக்கு மாத்துங்க, மிச்சத்த அப்படியே விட்டுட்டு எந்திரிச்சிருங்க. மொத வாரம் சுத்தமா வராது, விட்றாதீங்க. படுக்கைக்கு போற நேரத்துல மட்டும் இத வச்சுக்காதீங்க.

ராத்திரி முழிப்பு தட்டுனா வயித்து மேல கைய வச்சு நாலு எண்ணி மூச்ச இழுங்க, ஆறு எண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷம். கண்ணுக்கு தெரியுற அஞ்சு பொருள எண்ணுங்கன்னும் சொல்லுவாங்க, கரன்ட் போன இருட்டுல எத பாக்குறது? நான் காத வச்சு எண்ணுவேன். பல்லி, தெரு நாயி, பக்கத்து வீட்டு இருமல், தூரத்துல ரயிலு. போன எடுத்து தேடாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு நமக்கு மோசமானதுதான் கண்ணுல படும்.

காலைல கொஞ்சம் நடங்க, பத்து நிமிஷம் போதும், ட்ரீட்மென்ட் அசதி மாசக்கணக்குல இருக்கும், உடம்ப திட்டாதீங்க.

இத்தன பண்ணியும் வாரக்கணக்கா தூக்கமில்ல, சாப்பாடு எறங்கல, வாழவே வேணாம்னு தோணுதுன்னா வீட்ல ஒருத்தர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் அன்னிக்கே சொல்லிருங்க. இதுக்கும் வைத்தியம் இருக்கு. மருந்துக்கடைல நீங்களா மாத்திரை வாங்கி போடாதீங்க. முக்கியமா மார்பக கேன்சர் திரும்ப வராம இருக்க குடுக்குற டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுறவங்க அத டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், ஏன்னா பராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் மாதிரி மனசுக்கு குடுக்குற சில மாத்திரைங்க அதோட வேலைய கொறைச்சிரும், ஒத்துப்போற வேற மருந்து டாக்டர் எழுதித் தருவாங்க.

கடைசியா செக்கப். அதுக்கு முந்தின வாரந்தான் ரொம்ப கஷ்டம், கோவம் வரும், அழுக வரும். "அதான் சரியாயிருச்சே"ன்னு அத்த சொல்லும்போது நான் சண்ட போடுறதில்ல, "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அத்த, பக்கத்துல உக்காந்தா போதும்"னு கேட்டேன், அன்னிலேருந்து கூடவே வர்றாங்க. முந்தின ராத்திரியே பையில நோட்டு, பழைய ரிப்போர்ட், தண்ணி பாட்டில் வச்சிருங்க. கடைசி பக்கத்துல இருந்து மூணு கேள்விய மட்டும் எடுங்க, மொதல்ல முக்கியமானத கேளுங்க, நேரம் பத்தாது. ரிசல்ட் என்னைக்கு வரும், யாரு சொல்லுவாங்கன்னு கேக்காம வெளிய வராதீங்க. அப்புறம் நேரா டீக்கடைக்கு போங்க, நாங்க சூடா டீயும் பலாத்தாவும் சொல்லிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருப்போம்.