தொப்பூர் கணவாய் இறங்கும் முன் பெல்ட்டை ஒருதரம் பாருங்கள்

தருமபுரி பைபாஸ் ஓரம் 22 வருடமாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன மாதம் பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் பிரேக் பேட் மாற்ற வண்டி கொண்டுவந்தார். ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தால், பெல்ட் பக்கிளில் வெறும் இரும்பு நாக்கு மட்டும் செருகியிருக்கிறது. "பெல்ட் போடலன்னா கத்திக்கிட்டே இருக்குதுண்ணே, அதுக்குத்தான்" என்றார். அதைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு கார் பந்தய வீரர் யோகன் ரிண்ட் செத்த கதையைச் சொன்னேன்.

1970 செப்டம்பர் 5, இத்தாலியில் மோன்சா. பந்தயத்துக்கு முந்தைய நாள். பிரேக் பிடித்த இடத்தில் அவருடைய லோட்டஸ் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதியது. கால்களுக்கு நடுவே வரும் பட்டையை ரிண்ட் போடமாட்டார்; தீப்பிடித்தால் சட்டென்று வெளியே வரவேண்டும் என்ற பயம். மோதிய வேகத்தில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் சறுக்கியது. காப்பாற்ற வேண்டிய பெல்ட்டே கழுத்தை அறுத்துவிட்டது. அந்த வருடத்து ஃபார்முலா ஒன் பட்டம், ஆள் போனபிறகு அவர் பெயருக்கு வந்தது.

நம் காரில் அந்த நடுப்பட்டை கிடையாது. அதனால் இடுப்புப் பட்டை எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம். வயிற்றின்மேல் அல்ல, தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின்மேல் படியவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுக்குக் கீழேதான். பக்கிளை மாட்டியபின் தோள்மேல் வரும் பெல்ட்டை மேல்நோக்கி ஒரு இழு இழுங்கள், தொய்வு போய்விடும். அந்த பெல்ட் கழுத்தை உரசக்கூடாது, அக்குளுக்கு அடியிலும் போகக்கூடாது. தோளெலும்பின் நடுவே வரட்டும். பெங்களூரிலிருந்து ராத்திரி வரும்போது முன்சீட்டைக் கட்டில் மாதிரி சாய்த்துத் தூங்குகிறோமே, அப்போது பெல்ட் மாட்டியிருந்தாலும் ரிண்டுக்கு நடந்த அதே சறுக்கல்தான் நடக்கும். தூக்கம் வந்தால் பின்சீட்டுக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கேயும் பெல்ட் போட்டுத் தூங்குங்கள்.

பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளவேண்டும். பெரிய விபத்தில் அடிபட்ட வண்டியின் பெல்ட், பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம். ஒருமுறை இழுபட்டு நீண்டுபோன பெல்ட் அது.

2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவில் டேடோனா கார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதினார். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து உயிர் போனது. பெல்ட் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது, தலை மட்டும் முன்னால் பறக்கிறது, அந்த இழுப்பில் இப்படி உடையக்கூடும். தலையைத் தோளோடு சேர்த்துப் பிடிக்கும் ஹான்ஸ் என்ற கருவி அப்போதே இருந்தது, அவர் அணியவில்லை. அதே வருட அக்டோபரில் அந்தப் பந்தயத் தொடரில் தலைக்கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமானது. நம் காரில் முன்னால் பாயும் தலையை வாங்கிக்கொள்வது ஏர்பேக். ஸ்டீரிங்கோடு ஒட்டி உட்கார்ந்தால் அதுவே முகத்தில் அறையும். நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவே ஒரு சாணும் இரண்டு விரலும், அதாவது 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

இனி சொல்வதுதான் என் மனதை விட்டுப் போகாதது. 1994 ஏப்ரல் 30, இமோலா. ரோலண்ட் ராட்சன்பெர்கர் தகுதிச் சுற்றில் ஒருமுறை தடத்தை விட்டு இறங்கி ஏறினார். காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் முன் இறக்கையில் அடி. நிறுத்திப் பார்க்காமல் தொடர்ந்தார். அடுத்த சுற்றில் 300 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது இறக்கை கழன்று, திருப்பமுடியாமல் சுவரில் மோதி இறந்தார். மறுநாள் அதே தடத்தில் அயர்ட்டன் சென்னாவும் விபத்தில் இறந்தார். சென்னாவின் காரில் சுருட்டிவைத்த ஆஸ்திரியக் கொடி இருந்தது. ராட்சன்பெர்கருக்காகப் பிடிக்க வைத்திருந்தது. நான் அப்போது எடுபிடிப் பையன். பேப்பரில் விபத்துப் படத்தைப் பார்த்த முதலாளி அன்று ஸ்பேனரைத் தொடவில்லை.

பள்ளத்தில் 'டங்' என்று இறங்கினால், மேடு தெரியாமல் பறந்து விழுந்தால், உடனே ஓரங்கட்டுங்கள். டயரின் உள்பக்கச் சுவரிலும் வீக்கம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவுங்கள். ரிம் நெளிந்திருக்கிறதா, கீழே எண்ணெய் சொட்டுகிறதா பாருங்கள். ஸ்டீரிங் ஒருபக்கம் இழுத்தால் சர்வீஸுக்கு வாருங்கள், "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" வேண்டாம்.

மழையில் கணவாய் இறங்கும்போது முன்னே விபத்தைக் கண்டால் பந்தய வீரர் ஜூல்ஸ் பியாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 5, ஜப்பானில் சுசுகா. ஒரு சுற்றுக்கு முன்னால் சறுக்கிய இன்னொரு காரைத் தூக்க கிரேன் வண்டி நின்றது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அதே வளைவில் அவரும் சறுக்கி அந்த வண்டிக்கு அடியில் போய் மோதினார். மறுவருடம் ஜூலை 17 அன்று இறந்தார். ஒரு வண்டி சறுக்கிய இடத்தில் அடுத்ததும் சறுக்கும். இரட்டைப்பாலம் பக்கம் லாரி கவிழ்ந்து கிரேன் நின்றால் வேடிக்கை பார்க்க நிறுத்தாதீர்கள், வேகத்தை நன்றாகக் குறைத்து விலகிப் போய்விடுங்கள்.

பைக்காரர்களுக்கு ஒன்று. 2011 அக்டோபர் 23 அன்று மலேசியாவின் செபாங்கில் பைக் பந்தய வீரர் மார்கோ சிமோன்செல்லி விழுந்தபோது ஹெல்மெட் தலையிலிருந்து கழன்றே போனது. இறந்தபோது வயது 24. தாடைப் பட்டையை மாட்டி, ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்றால் அது உங்கள் அளவு இல்லை.

பாளையம்புதூர் சுங்கச்சாவடி தாண்டி இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், மிதித்து விட்டு மிதித்து விட்டு இறங்குங்கள். கருகிய வாடை வந்தால் இடமான ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.