திரைக்குப் பின்னால் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஒரு நாடகக் குழுவில் சேரலாமா வேண்டாமா என்று தெரிய, நாடகம் முடிந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். கூட்டம் கலைந்ததும் மேடை ஓரமாக நின்றுகொள்ளுங்கள். படுதாவை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துச் சுருட்டுகிறார்களா, தரையோடு தேய்த்து இழுக்கிறார்களா? கத்தியும் கிரீடமும் வந்த பெட்டிக்கே திரும்புகின்றனவா, கைக்குக் கிடைத்த சாக்குப்பையில் விழுகின்றனவா? நடிகர்கள் எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்திருக்க, இரண்டே பேர் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தால் அந்தக் குழு வேண்டாம். போனால் மூன்றாவது ஆள் நீங்கள்தான்.

எனக்குச் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம் கவுந்தப்பாடி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லராக இருந்துவிட்டு, நாடகக் குழுவில் உடுப்பும் சாமான்களும் பார்க்கிற வேலைக்கு வந்தவள். நடிக்கத் தெரியாது, ஆசையும் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்களே" என்று தயங்குகிறார்கள். நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, மைக் செட் கட்டியவர், கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர், தறிக்குடோனில் பேல் கட்டியவர் எல்லாருக்கும் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். லாரியில் பாரம் ஏற்றிக் கயிறு கட்டத் தெரிந்தவரை எந்தக் குழுவும் விடாது.

எங்கே போய்க் கேட்பது? வள்ளி திருமணம், அரிச்சந்திரா போன்ற ஸ்பெஷல் நாடகங்களில் நடிகர்கள் தனித்தனியாகப் பேசி வருகிறவர்கள். சீனும் லைட்டும் மைக்கும் வேறு வேறு வாடகைக்காரர்களுடையவை. அங்கே நடிகரிடம் வேலை கேட்டுப் பயனில்லை, சீன் செட்காரரிடம் கேளுங்கள். பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் அவருக்கு ஆள் போதாது. ஒரு சீசன் கூடவே போனால் கை பழகிவிடும். அப்புறம் நவீன நாடகக் குழுக்களிடம் போகலாம். படித்துவிட்டுப் போக நினைத்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு. கன்னடம் பேசுகிற தாளவாடிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு: கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் ஹெக்கோட்டில் இருக்கிற நீநாசம் என்ற நாடக அமைப்பு. அங்கே நாடகப் பள்ளியும் இருக்கிறது. 1985 முதல் திருகாட்ட என்ற பெயரில் ஊர் ஊராகப் போகிற குழுவும் நடத்துகிறார்கள்.

வீட்டுக்கு வருவோம். இதுதான் கஷ்டமான இடம், குறிப்பாகப் பெண்களுக்கு. "கூத்தாடிக கூட ஊரூராப் போனா நாலு சனம் என்ன பேசும் கண்ணு?" என்பார்கள். 1944-ல் நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கலை மாநாடு நடத்தியதே நம்ம ஈரோட்டில்தான் என்று வரலாறு சொல்லிப் பார்க்கலாம். எங்கள் அப்பாவிடம் அது செல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவது மட்டும் வேண்டாம். பக்கத்து ஊரில் அந்தக் குழுவின் நாடகம் நடக்கும்போது அப்பா அம்மாவைச் சாயங்காலமே கூட்டிப்போய்ப் பின்பக்கம் உட்கார வையுங்கள். ஒருத்தி துணி தேய்ப்பதும், ஒருவர் ஒயரை முறுக்கு விழாமல் சுற்றுவதும், மேனேஜர் கணக்கு எழுதுவதும் கண்ணில் படட்டும். பட்டறை மாதிரி இதுவும் ஒரு வேலை என்று அவர்களுக்கே தெரியும்.

எங்கள் அப்பா அங்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க, ராத்திரிக்கு இந்தப் பொண்ணுக எங்க படுக்கும்?"

அதைவிட நல்ல கேள்வி கிடையாது. நீங்களும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குழுவில் எத்தனை பெண்கள், தங்குவது மண்டபமா லாட்ஜா, அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மேடைக்குப் பக்கத்தில் கழிப்பறை எங்கே. "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மேனேஜருடைய எண்ணும், குழுவில் மூத்த பெண் ஒருவருடைய எண்ணும் வீட்டில் எழுதிவைத்திருக்க வேண்டும். பதினெட்டு வயது முடியாதவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

பணம் பேசக் கூச்சப்படாதீர்கள். நாடகத்துக்கு இவ்வளவு என்றா, மாதச் சம்பளமா? நாடகம் இல்லாத நாளில் சாப்பாடு யார் செலவு? ஊருக்கு வந்துபோக பஸ் காசு உண்டா? பெரிய தொகை அட்வான்ஸாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். தறிப்பட்டறையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தவர்களைப் பார்த்த ஊர் நம்முடையது, விளக்க வேண்டியதில்லை.

கையில் கறுப்புச் சட்டை இரண்டு, சத்தம் வராத ரப்பர் செருப்பு, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய சின்ன டார்ச், இன்சுலேஷன் டேப், டெஸ்டர், சேஃப்டி பின், ஊசி நூல். இருட்டில் படி தெரிய ரேடியம் டேப். மிச்சத்தைக் குழு தரும்.

உடுப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் வேலை என்பதால். மேடை உடுப்பு கல்யாணத்துக்குத் தைப்பது போல இல்லை. ஒரு பாட்டின் பல்லவி முடிவதற்குள் இருட்டில் கழற்றி மாட்ட வேண்டும். அதனால் கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைப்போம். ஆனால் அது பிரியும்போது சர்ரென்று சத்தம் வரும். அழுகைக் காட்சிக்குப் பின்னால் மாற்ற வேண்டிய உடுப்பென்றால் பிரஸ் பட்டன்தான். கழுத்துப்பட்டியின் உள்ளே வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றை லேசாக ஓட்டுத்தையல் போட்டு வையுங்கள். முகப்பூச்சும் வேர்வையும் அதில் இறங்கும், தினம் அதை மட்டும் பிரித்துத் துவைத்தால் போதும். சாயத்துணி புதிதாக வாங்கினால் மேடைக்குப் போகுமுன் தனியாக அலசிப் பாருங்கள். ஜரிகையை நிழலில் உலர்த்துங்கள், மற்றதை உள்பக்கம் வெளியே வர வெயிலில் போடுங்கள். பந்தம், தீச்சட்டி வருகிற காட்சிக்குப் பருத்தி மட்டும். பாலியஸ்டரில் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மலிவாகப் பளபளப்புத் துணி கிடைக்கிறதே என்று டைரக்டர் கேட்பார். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாமான் பெட்டியின் மூடி உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தக் காட்சி, எந்தப் பொருள், எந்தப் பக்கத்திலிருந்து, யார் கைக்கு. நாடகத்துக்கு முன் ஒரு தரம், முடிந்த பின் ஒரு தரம் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பக்கம் சொல்வதில் குழப்பம் வரும். ஊர்க்காரர்கள் கோயில் பக்கம், ரோட்டுப் பக்கம் என்பார்கள், அது ஊருக்கு ஊர் மாறும். பார்வையாளரைப் பார்த்து நிற்கிற நடிகரின் வலது கைப்பக்கத்துக்குப் பச்சை டேப், இடதுக்கு மஞ்சள் என்று முதல் நாளே பேசிவிட்டால் தீர்ந்தது.

கரண்ட் வேலை தெரியாதவர்கள் தொடக்கூடாது. தெரிந்தவர்களும் கணக்குப் போடுங்கள். பார் லைட் என்கிற பழைய 1000 வாட் மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் மூன்றுதான். கோயில் சீரியல் லைட் லைனில் நாலாவதை மாட்டலாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்டால் பாதி நாடகத்தில் ஊரே இருட்டாகும். மைக் ஒயரையும் லைட் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டாதீர்கள், ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும்.

நாடகம் நடக்கும்போது பக்கத்தட்டியின் மறைவில் நிற்கிற உங்களுக்குக் கூட்டம் தெரிந்தால் கூட்டத்துக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். போனை வேனிலேயே வைத்துவிடுங்கள். நடிகர் வசனம் மறந்தால் உங்களுக்குச் சம்பந்தமில்லை, எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார். கத்தி மறந்தால் அது நீங்கள்.

முடிந்ததும் ஏற்றுவது. மறுநாள் முதலில் இறக்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். கம்பிகளும் படுதாவும் வெளியே, உடுப்புப் பெட்டி உள்ளே. அப்புறம்தான் சோறு. விடிகிற நேரத்துக்கு ஊரைத் தாண்டி எங்காவது இட்லிக்கடையில் வண்டி நிற்கும். வீட்டுக்குப் பேச அதுதான் நேரம், அம்மா வாசல் தெளிக்க எழுந்திருப்பார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நாடகங்கள் குறையும். அப்போது பெட்டிகளைத் திறந்து காயவைத்து, கிழிசல் தைத்து, அந்துருண்டை போட்டு மூடுகிற வேலை இருக்கும். அதற்குச் சம்பளம் உண்டா என்பதையும் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.