மாதிரிக் குதிரைக்குத் தோல் சேணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து மதுரை வீரன் கோயில் குதிரைக்குக் கடிவாளம் உண்டு, சேணம் உண்டு, கழுத்தில் சலங்கை மாலையும் உண்டு. எல்லாம் சிமெண்டு, மேலே சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்டு. நான் வாழ்க்கையில் பார்த்த முதல் கடிவாளம் அதுதான். பிறகு ஈப்போ பந்தயத் திடலில் நிஜக் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஒவ்வொரு வாரும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று நழுவும்.

சுங்கை சிப்புட்டில், வீட்டு முன்னால் உள்ள அஞ்சடி நடையில் உட்கார்ந்து, மாதிரிக் குதிரைகளுக்கு நிஜத் தோலில் கடிவாளமும் சேணமும் செய்து பல வருடங்கள் ஆகின்றன. புதிதாகத் தொடங்கியவர்கள் கொண்டுவந்து காட்டும் வேலையில் கைத்திறனுக்குக் குறைவிருக்காது. தையல் நேராக இருக்கும், சாயம் சீராக ஏறியிருக்கும். குதிரைமேல் போட்டதும் மட்டும் ஏதோ உறுத்தும். பார்த்தால், வெட்டும்போது அந்த வார் குதிரையின் உடம்பில் என்ன வேலை செய்யப்போகிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அகலம் சரி, கனம்?

முதலில் குதிரையின் விகிதம் தெரிய வேண்டும். மாதிரிக் குதிரைகள் செய்யும் பிரேயர் நிறுவனத்தின் பெரிய குதிரைகள், ‘டிரெடிஷனல்’ என்பவை, நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. ‘கிளாசிக்’ பன்னிரண்டில் ஒரு பங்கு. உள்ளங்கையில் அடங்கும் ‘ஸ்டேபிள்மேட்’ 32இல் ஒரு பங்கு. நிஜக் கடிவாளத்தில் கன்னத்தின் ஓரமாக இறங்கும் வார் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் அகலம். ஒன்பதால் வகுத்தால் 1.8 மில்லிமீட்டர். கால் வைக்கும் அங்கவடி தொங்கும் வார் 25 மில்லிமீட்டர் என்றால் நமக்கு 2.8. இருக்கை 43 சென்டிமீட்டர் நீளமுள்ள சேணம் நமக்கு 4.8 சென்டிமீட்டர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். கண் மதிப்பில் வெட்டினால் கை எப்போதும் பெரிதாகவே வெட்டும்.

அகலத்தைப் பலரும் பிடித்துவிடுகிறார்கள். கனத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். நிஜ வாரின் கனம் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒன்பதில் ஒரு பங்கு என்றால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டர் தோலை அப்படியே வெட்டிப் போட்டால், நிஜக் குதிரையின் முகத்தில் 9 மில்லிமீட்டர் கனத்தில் வார் கட்டியதற்குச் சமம். வாரைப் பூட்டும் பக்கிலில் நுழைத்து மடிக்கும் இடத்தில் அது 18 மில்லிமீட்டர். கன்னத்தில் கட்டையை வைத்துக் கட்டியது போல் நிற்கும். மெல்லிய வார் கன்னத்தின் வளைவோடு படியும். தடித்த வார் படியவே படியாது. எவ்வளவு அழகாகச் சாயம் போட்டாலும் இதை மறைக்க முடியாது.

ஆகவே தோலைச் சீவ வேண்டும். இங்கே நான் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டை போக வேண்டும். ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் கத்தி ஓடாது. அதனால் கத்தியைத் தினமும் தீட்டுவார். நான் தோலைக் குதறிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் சொன்னது: “அழுத்துறேன்னாலே கத்தி மொண்ணைன்னு அர்த்தம்.” அன்று பிளேடை மாற்றினேன். தோலை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் முகம் கீழாகப் போட்டு, பிளேடைப் படுக்கவைத்து, ஒரே மூச்சில் எடுக்காமல் நான்கைந்து தடவையாகச் சீவினேன். தோல் கிழியவில்லை.

சீவும் வரிசையிலும் ஒரு தவறு நடக்கிறது. வாரை முதலில் வெட்டிவிட்டு, அந்த 2 மில்லிமீட்டர் நூலைப் பிடித்துச் சீவப் பார்க்கிறார்கள். அது ஓரிடத்தில் காகிதமாகவும் ஓரிடத்தில் கயிறாகவும் முடியும். முழங்கை நீளத்துக்கு நான்கு விரல் அகலமாக ஒரு பட்டையை எடுத்து, அதை முழுவதும் ஒரே கனத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் வார்களாகப் பிரிக்க வேண்டும். கனம் பார்க்கக் கருவி இல்லையா? போட்டோகாப்பிக் கடையில் கிடைக்கும் 80 கிராம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நான்கு தாளை அடுக்கி, பக்கத்தில் தோலை வைத்து விரலால் தடவிப் பாருங்கள். விரல் பொய் சொல்லாது.

ஸ்டேபிள்மேட் குதிரைக்கு இதே கணக்கைப் போட்டால் கனம் ஒற்றைத் தாள் அளவுதான் வரும். அங்கே தோல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நல்ல காகிதத்தை வண்ணம் தீட்டி, மெழுகு தேய்த்து வெட்டினால் தோலைவிடத் தோல் போல இருக்கும்.

எந்தத் தோல்

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பழைய கைப்பை ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது என்று வாங்கி வெட்டுகிறார்கள். பெரும்பாலும் அது குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரியும். அது பஞ்சு போல் நெகிழும், இழுத்தால் நீளும், ஓரத்தைத் தேய்த்தால் பளபளப்பு வராது. சேணத்துக்கு அடியில் வைக்கும் மெத்தைக்கு உதவும். வாருக்கு ஆகாது.

வாருக்கு வேண்டியது மரப்பட்டைத் துவர்ப்பில் பதப்படுத்திய தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தி, கடுக்காய் கொடுத்து முடிக்கும் ஆட்டுத்தோல் நெடுங்காலமாகப் பேர்பெற்றது. ஊருக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டு வாங்கிவரச் சொல்வது அதைத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் துவர்ப்புத் தோல். நகத்தால் அழுத்தினால் தடமும் நிற்கும்.

அந்தத் தோலிலும் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். முதுகெலும்பை ஒட்டி, அதற்கு இணையாக வெட்டிய வார் நீளாது. வயிற்றுப் பக்கத்தில் வெட்டியது ஒரு மாதத்தில் தொங்கிவிடும். லகான் குதிரையின் முட்டிவரை வந்து நிற்கும். எங்கே வெட்டினாலும், வெட்டியதும் லேசாக ஈரப்படுத்தி, இழுத்து, இரண்டு முனையையும் பலகையில் ஒட்டிக் காயவிடுங்கள். நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடும். அதற்குப் பிறகு அளவெடுங்கள்.

நம் ஊர்க் காற்றும் உலோகமும்

குளிர் நாட்டில் இருப்பவர்கள் எழுதிய செய்முறைகளில் இந்தப் பகுதி அவ்வளவாக இருக்காது. நமக்கு இதுதான் பெரிய பகுதி.

ஒருமுறை சேணத்தின் இருக்கையை நனைத்து, வடிவம் நிற்பதற்காகச் சாதாரணக் குண்டூசிகளைக் குத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒவ்வொரு ஊசியைச் சுற்றியும் கறுப்புப் புள்ளி. அது அழுக்கு இல்லை, துடைத்தால் போகாது. தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை உண்டாகும். பழைய காலத்து எழுத்து மையையும் இந்தச் சேர்க்கையில்தான் செய்தார்கள். ஈரத் தோலுக்குப் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது. வேர்த்த கையோடு தொட்ட இரும்பு ரூலர்கூட கோடு போட்டுவிடும். ரூலரின் அடியில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், ஊசிக்குப் பதில் மரக் கிளிப் போடுங்கள்.

பக்கில்களுக்குப் பித்தளைக் கம்பி எடுத்தால் வேறு தொல்லை. தோலில் எண்ணெய் அதிகமாக ஊறியிருந்தால் பித்தளையைச் சுற்றிப் பச்சையாகப் பிசுபிசுவென்று களிம்பு கட்டும். தோல் பளபளக்க வேண்டும் என்று தேங்காயெண்ணெய் தடவுபவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும், பூஞ்சணமும் கூடவே வரும். எண்ணெயை விட்டுவிட்டு, தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். கம்பியில் எனக்குப் பிடித்தது வெள்ளிதான். பக்கிலுக்கு 0.4 மில்லிமீட்டர், குதிரை வாயில் போகும் இரும்புக்கு 0.8 மில்லிமீட்டர். நகை செய்யும் பத்தரிடம் சொன்னால் இழுத்துத் தருவார். இவ்வளவு சிறிய அளவுக்குச் செலவும் பெரிதாக இல்லை. அலுமினியக் கம்பி ஒருமுறை பக்கிலை மூடித் திறந்ததும் வளைந்துவிடும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை கெட்டுப்போவது இங்கேதான் அதிகம். சூப்பர் குளூ வேண்டாம். தோலுக்குள் ஊறி அந்த இடத்தைப் பிளாஸ்டிக் போல் இறுக்கிவிடும், சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும், வாரை வளைத்தால் அந்த இடத்தில் ஒடியும். பிசகினால் குதிரையின் பெயின்டும் போய்விடும். நாம் ரப்பர் மரத்துக்குக் கீழே வளர்ந்தவர்கள், ரப்பர் பசைமேல் நமக்குத் தனி நம்பிக்கை. நானும் முதலில் அதைத்தான் எடுத்தேன். தோலோடு தோலை ஒட்ட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்கை ரப்பருக்குச் செம்பு எதிரி. செம்பு பட்ட இடத்தில் ரப்பர் சீக்கிரம் கெட்டு, இளகிப் பிசுபிசுத்துப் போகும். பித்தளையிலும் செம்புதானே இருக்கிறது. பித்தளைப் பக்கிலைச் சுற்றி ரப்பர் பசை வைத்த கடிவாளங்கள் சில, ஓரிரு வருடத்தில் அந்த மடிப்பில் மட்டும் திறந்துகொண்டன. இப்போது உலோகம் இருக்கும் மடிப்பில் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் குச்சி முனையில் ஒரு சொட்டு வைக்கிறேன், அதன்மேல் இரண்டு தையல். பசை விட்டாலும் தையல் பிடிக்கும்.

குதிரைமேல் போடும்போது

சேணத்தைத் தோள்பட்டை எலும்பின்மேல் ஏற்றி வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் அது பாந்தமாக உட்காருவதுபோல் தெரியும். நிஜக் குதிரைக்கு அப்படிப் போட்டால் அதனால் முன்காலை நீட்டி வைக்க முடியாது. தோள்பட்டைக்குப் பின்னால் வைத்து, முன்பக்கத்திலிருந்து குனிந்து பாருங்கள்: மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். வயிற்றுவார் முழங்கையை ஒட்டி இறங்காமல், ஒரு கை அகலம் பின்னால் இறங்க வேண்டும். நமக்கு அது ஒரு சென்டிமீட்டர்.

தொண்டைவாரை இறுக்கிக் கட்டாதீர்கள். குதிரை தலையை மடிக்கும்போது மூச்சு முட்டக்கூடாது என்பதற்காக, அதற்கும் தாடைக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழையும் இடம் விடுவார்கள். ஒன்பதில் ஒரு பங்கு முஷ்டி என்றால் 11 மில்லிமீட்டர். நான் அந்த அளவில் ஒரு மரக்குச்சியைச் செதுக்கி வைத்திருக்கிறேன். மூக்குவார் கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே, அதாவது 4 மில்லிமீட்டர். நெற்றிவார் குட்டையாக இருந்தால் தலைவாரை முன்னுக்கு இழுத்துக் காதின் அடியில் அறுக்கும். காது மடல் சுதந்திரமாக நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

வாயில் வைக்கும் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடத்தில் உட்காரும். அதனால் அது உதட்டின் ஓரத்தை லேசாக மேலே தூக்கி நிற்க வேண்டும். தொங்கினாலும் தவறு, சிரிப்பதுபோல் இழுத்தாலும் தவறு. வாய் மூடிய மாதிரிகளில் இரண்டு பக்க வளையங்களையும் ஒட்டும் மெழுகில் ஒரு கடுகளவு வைத்து நிறுத்தலாம். போஸ்டர் ஒட்டும் நீலக் களி வேண்டாம், எண்ணெய்க் கறை விடும்.

தொண்டைவாரின் பக்கில் குதிரையின் இடப்பக்கம் வர வேண்டும். குதிரையைக் கையாள்வதும் ஏறுவதும் இடப்பக்கத்திலிருந்துதான். படத்தைப் பார்த்துச் செய்பவர்கள், படம் திருப்பி அச்சிடப்பட்டிருந்தால் அப்படியே வலப்பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். கண்காட்சியில் விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முடிந்ததும் கடிவாளத்தைக் குதிரைமேலேயே விட்டுவிடாதீர்கள். நம் ஈரக்காற்றில் வாரின் சாயம் பெயின்டில் இறங்கும். வெள்ளைக் குதிரையின் மூக்கில் பழுப்புக் கோடு விழுந்தால் திரும்பப் போகாது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பத்து நாளில் பூஞ்சணம். நான் பிஸ்கட் டின்னில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி வைக்கிறேன். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுவேன், வெயிலில் இல்லை, நிழலில். அப்படி எடுக்கும்போதெல்லாம் ஒரு சோதனையும் செய்துவிடுகிறேன்: சிமிட்டாவால் (சிறு இடுக்கியால்) தொண்டைவாரை அவிழ்த்து, தலைவாரைக் காதுக்கு மேலாக எடுத்து, மறுபடியும் மாட்டிப் பார்ப்பேன். எங்கேயாவது இழுத்தால் அந்த வாரை மட்டும் பிரித்து, மறுபடியும் வெட்டுகிறேன்.