டி.பார்ம் 500 மணி நேரப் பயிற்சி: எங்கே சேர்வது, என்ன கற்றுக்கொள்வது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று எங்கள் கேரள-தமிழ்நாடு எல்லையோரத்துப் பிள்ளைகள் டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு என்னிடம் கேட்பது, "பயிற்சி சர்டிபிகேட் யார்கிட்ட வாங்கலாம் அக்கா?" என்றுதான். கடைக்கே போகாமல் கையெழுத்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். நாளைக்கு நீங்கள் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையை ஒருவர் நம்பி விழுங்கப் போகிறார்.

முதலில் கணக்கு. டி.பார்முக்கு மொத்தம் 500 மணி நேரம், மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையாக இருக்க வேண்டும். நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் போனால் 14 வாரத்தில் முடியும்.

அடுத்தது இடம். ஆஸ்பத்திரி மருந்தகம் கிடைத்தால் அதையே எடுங்கள், சீட்டில் சந்தேகம் வந்தால் எழுதிய டாக்டரையே போய்க் கேட்கலாம். மெடிக்கல் ஷாப் என்றால் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் நிஜமாகவே கடையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று இரண்டு நாள் போய்ப் பாருங்கள். வீடு ஒரு மாநிலத்திலும் கல்லூரி இன்னொன்றிலும் இருந்தால், நீங்கள் பார்த்த இடத்தைக் கல்லூரி ஏற்குமா என்று கேட்டு, பயிற்சிப் படிவத்தையும் வாங்கிக்கொண்டு அப்புறம் சேருங்கள்.

முதல் இரண்டு வாரம் ராக்கோடு பழகுங்கள். வந்த சரக்கை பில்லோடு ஒத்துப் பார்ப்பது, எக்ஸ்பைரி முன்னதாக வரும் அட்டையை முன்னால் வைப்பது, இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கிறதா என்று காலையும் மாலையும் குறிப்பது. மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் மாதிரிப் பெயர் ஒத்துப்போகும் மருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரித்து வைக்கலாமா என்று கேளுங்கள்.

பிறகு சீட்டு. பெயர், வயது, தேதி, மருந்து, மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று ஒவ்வொரு தடவையும் இதே வரிசையில் படியுங்கள். பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். எழுத்து புரியாவிட்டால் ஊகிக்கவே கூடாது, பார்மசிஸ்டிடம் காட்டுங்கள், அவருக்கும் புரியாவிட்டால் டாக்டருக்குப் போன் போகட்டும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

பேச்சு. இங்கே எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இதுதான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், சும என்றால் இருமல், மாத்திரைக்கு குளிக, தண்ணீருக்கு வெள்ளம். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மலையாளத் தாயிடம் குழந்தைக்கான டிரை சிரப் (தூளாக வரும், தண்ணீர் கலக்க வேண்டிய மருந்து) பாட்டிலைக் கொடுத்து, "மார்க் வரைக்கும் தண்ணி ஊத்திக் கலக்குங்க" என்று தமிழில் சொன்னேன், தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் குறையவில்லை என்று வந்தார். வேளைக்கு ஒரு கரண்டி தூளைத் தனியாக டம்ளரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து "திளப்பிச்சாறிய வெள்ளம்" (கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்) என்று அவர்கள் மொழியிலேயே சொல்லி, பாட்டிலில் இருக்கும் மார்க்கை விரலால் தொட்டுக் காட்டி, எப்படிக் கொடுப்பீர்கள் என்று திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். அரை நிமிஷம் போதும்.

ரிஜிஸ்டர். ஷெட்யூல் எச்1 என்ற சட்டப் பட்டியலில் இருக்கும் மருந்து, அதாவது செஃபிக்ஸிம் (ஆன்டிபயாடிக்), அல்ப்ரசோலாம் (பதற்றத்துக்கான மருந்து) போன்றவை, விற்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், அது மூன்று வருஷம் கடையில் இருக்க வேண்டும். நீங்களே எழுதிப் பழகுங்கள். 2024 ஜனவரியில் கேரளம் 'ஆபரேஷன் அம்ருத்' என்று சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைப் பிடிக்க ஆரம்பித்தது. "போன தடவை குடுத்தீங்களே, அதையே குடுங்க" என்று தெரிந்தவரே வந்து நின்றாலும் சீட்டு இல்லாமல் கை நீளக் கூடாது.

ஒரு நோட்டு. வந்த நேரம், போன நேரம், பார்த்த சீட்டு எத்தனை, புதிதாகத் தெரிந்த மருந்து ஒன்று. வாரக் கடைசியில் பார்மசிஸ்டிடம் கையெழுத்து வாங்குங்கள், மூன்று மாதம் கழித்து மொத்தமாக நீட்டினால் அவருக்கும் நினைவிருக்காது. 500 நிரம்பியதும் படிவத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு அசலைக் கல்லூரியில் கொடுங்கள்.