முன்சக்கர ஹப்பில் கரகர சத்தம்

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் மழைத்தண்ணீரோடு சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் போனால் முன்சக்கரம் கரகரக்கும். என் சைக்கிளுக்கும் அதேதான். எண்ணெய் விடுவதில் பயனில்லை, உள்ளே இருக்கிற கிரீஸையும் அது கரைத்துவிடும்.

அச்சில் திருகியிருக்கும் கூம்பு வடிவ நட்டான கோனை ஒரு பக்கம் கழற்றி, தாம்பாளத்தின் மேல் வைத்து அச்சை உருவினேன். உள்ளே உருளும் எஃகுக் குண்டுகளான பால்ஸ் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் பால்ஸ் உட்காரும் கிண்ணமான கப் வழுவழுப்பாக இருந்தது, கோனில்தான் குழி. குழி விழுந்த கோன் புது பால்ஸையும் தின்றுவிடும், இரண்டையும் மாற்றினேன்.

கப் நிறையக் கிரீஸ் வைத்து பால்ஸைப் பதித்தேன். அப்புறம்தான் நிதானம் வேண்டும்: கோனைக் கையால் இறுக்கி, துளி தளர்த்தி, அது திரும்பாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே, கோனைப் பூட்டி வைக்கிற லாக் நட்டை முறுக்க வேண்டும். விளிம்பைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. தூக்கிவிட்டால் சக்கரத்தின் கனமான பக்கம் தானாகக் கீழே இறங்க வேண்டும்.